வெறுங்கை முழம் போடுமா? வெளிநாட்டில் கைப்பேசியைப் பறிகொடுத்தவரின் பார்வையில் தேடல், பூட்டுதல் சேவைகள்

கைப்பேசியைத் தேடித்தரும் சேவைகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான சோதனையைத்தான் நடத்துகின்றன. கருவியை மெத்தைக்கு அடியிலோ பக்கத்து அறையிலோ ஒளித்துவைத்துவிட்டு, மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்து, புள்ளி எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்தச் சோதனையில் மடிக்கணினி எழுதுபவருடையது. கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது. குறியெண் கேட்டால் எடுத்துப் பார்க்க இன்னொரு கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் கைப்பேசியைப் பறிகொடுத்து நிற்பவருக்கு இந்த மூன்றுமே இல்லை. வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்கள். இந்தச் சேவைகளை எடைபோட அதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ஆப்பிளின் ஃபைண்ட் மை, கூகுளின் ஃபைண்ட் ஹப் ஆகிய இரண்டையும், அவற்றோடு சேர்த்து நாம் நம்பியிருக்க வேண்டிய தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையையும் பயணக் காப்பீட்டையும், கையில் ஒன்றும் இல்லாதவர் அவற்றுக்குள் எவ்வளவு எளிதாக நுழைய முடிகிறது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு இங்கே பார்க்கிறேன்.

அந்த அளவுகோல் அனுபவத்தில் கிடைத்தது. பயணத்தின் நான்காம் நாள், நெரிசலான சுரங்க ரயிலில், கதவு மூடப்போகும் நொடியில் என் மேல்சட்டைப் பையிலிருந்த ஐபோன் காணாமற்போனது. திரை பூட்டியிருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல். கடவுச்சொற்கள் அதற்குள் இருந்தன. வங்கிச் செயலி, தங்கும் விடுதியின் முகவரி, திரும்பும் விமானச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. உடன் வந்த நண்பரிடம் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்ததால் நான் முழுக்கக் கைவிடப்பட்டவனாக நிற்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு, புதிதாக வாங்கிய என் ஐபோனையும் அவருடைய கைப்பேசியையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாங்கள் அதுவரை தொட்டிராத ஒரு கணினியிலிருந்து அதே நிலையை மறுபடி நடத்திப் பார்த்தோம். கீழே சொல்வதில் ஒரு பகுதி அந்த ரயில் நிலையத்தில் கற்றது. மறுபகுதி இந்த அமைதியான சோதனையில் தெரிந்துகொண்டது.

ஃபைண்ட் மை சேவையிலிருந்து தொடங்குகிறேன். நண்பரின் கைப்பேசியில் ஐகிளவுட் தளத்தைத் திறந்து, என் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும், ஆறு இலக்கக் குறியெண்ணைக் கேட்கும் திரை வந்தது. அந்தக் குறியெண் போய்ச் சேரும் இடம் திருடனின் சட்டைப்பை. ஏறத்தாழ நாற்பது நிமிடங்களை அந்தத் திரையின் முன்னால் வீணாக்கினேன்; பிழை முழுக்க என்னுடையது. காணாமற்போன கருவியைத் தேடும் பகுதிக்கு மட்டும் இந்தக் குறியெண் தேவையில்லை என்பதையும், அதற்கான வழி அதே திரையின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கிறது என்பதையும் நான் முன்பே படித்துவைத்திருக்க வேண்டும். வாசற்கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கொல்லைக்கதவு திறந்தே கிடந்தது. மின்னஞ்சல், புகைப்படங்கள், குறிப்புகள் ஆகியவற்றை இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு, கருவியைத் தேடவும் பூட்டவும் அழிக்கவும் மட்டும் கடவுச்சொல்லே போதும் என்று விட்டிருப்பது, களவு கொடுத்தவர் எந்த நிலையில் இருப்பார் என்பதை யோசித்து எடுத்த முடிவு. பக்கத்தில் ஐபோன் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அவருடைய ஃபைண்ட் மை செயலியிலேயே நண்பருக்கு உதவும் தெரிவு ஒன்றும் இருக்கிறது. அதுவும் இதே பக்கத்துக்குத்தான் அழைத்துச் செல்கிறது. குடும்பப் பகிர்வில் இருப்பவர்கள் ஊரிலிருந்தபடியே உங்கள் கருவியைத் தொலைந்ததாகக் குறிக்கவும் முடியும்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை எஞ்சுகிறது: ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கடவுச்சொற்களையும் கைப்பேசியே நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று பழகிவிட்ட நமக்கு இது சின்ன நிபந்தனை அன்று. எனக்கு அந்த ஒன்று மட்டும் நினைவில் இருந்தது தற்செயல்தான்.

உள்ளே நுழைந்த பிறகு சேவை குறைசொல்ல முடியாதபடி நடந்துகொண்டது. தொலைந்ததாகக் குறித்ததும் திரை பூட்டப்பட்டு, நான் கொடுத்த எண்ணும் செய்தியும் அதில் தோன்றும். ஆப்பிள் பே வசதியில் சேர்த்திருந்த அட்டைகளும் அந்தக் கருவியில் நிறுத்தப்படும். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், இணையத் தொடர்பு இல்லாத ஐபோனையும் அருகே கடந்துபோகும் பிறருடைய ஆப்பிள் கருவிகள் புளூடூத் வழியாகக் கண்டு, மறையாக்கம் செய்த வடிவில் இருப்பிடத்தைத் தெரிவிக்கின்றன. 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஐபோன் 11 வரிசையிலும் அதற்குப் பிந்தைய பெரும்பாலான மாதிரிகளிலும், கருவியை அணைத்துவைத்தாலும் சிறிது காலத்துக்கு இது தொடர்கிறது. என் கைப்பேசியின் புள்ளி இரண்டு நிலையங்கள் தள்ளி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் வந்து நின்றது. வரைபடத்தின் புள்ளி கட்டடத்தைக் காட்டும். மாடியையும் கதவு எண்ணையும் காட்டாது. அந்த ஊர்க் காவலரிடம் அதைக் காட்டியபோது, அவர் மரியாதையாகக் குறித்துக்கொண்டார். அத்தனை வீடுகளின் கதவையும் தட்ட ஒரு புள்ளி போதாது என்றும் அதே மரியாதையோடு சொன்னார். நாங்களே போய்ப் பார்க்கலாமா என்று நண்பர் கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்று அவர் சொன்னது சரியான அறிவுரை. தேடித்தருவது என்ற பெயரை வைத்துக்கொண்டிருந்தாலும், இந்தச் சேவைகளின் உண்மையான பயன் பூட்டுவதில்தான் இருக்கிறது என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

அழித்துவிடலாமா என்ற கேள்வியில் இரண்டு சேவைகளும் வேறுபடுகின்றன. ஐஓஎஸ் 15-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் உள்ள ஐபோனைத் தொலைவிலிருந்து அழித்த பின்னரும் அதன் இருப்பிடத்தைப் பார்க்க முடியும். 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த இயக்கப் பூட்டும் நீடிக்கும், அதாவது உங்கள் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் வேறொருவர் அதைப் புதிதாக அமைத்துப் பயன்படுத்த முடியாது. ஆண்ட்ராய்டில் அழித்த பிறகு ஃபைண்ட் ஹப்பில் இருப்பிடம் தெரியாது. எனவே ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் முதலில் பூட்டிவிட்டு, காவல் நிலையத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, அதன் பிறகு அழிப்பதே நல்லது. எந்தக் கருவியானாலும் அழிக்கும் கட்டளை அது இணையத்தோடு சேரும்போதுதான் நிறைவேறும் என்பதையும் மறக்கக் கூடாது.

கூகுளின் சேவை 2013-இல் ஆண்ட்ராய்டு டிவைஸ் மேனேஜர் என்ற பெயரில் தொடங்கி, ஃபைண்ட் மை டிவைஸ் என்று மாறி, 2025-இல் ஃபைண்ட் ஹப் ஆனது. பெயர் மாறிய அளவுக்கு வாசல் மாறவில்லை. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள், கைப்பேசி இல்லாமல் உள்ளே வர வேறு வழியைத் தாங்களே முன்கூட்டித் தயார்செய்துகொள்ள வேண்டும். கூகுள் அதற்கென்றே எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்றுக் குறியெண்களைத் தருகிறது. ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்தலாம். எங்கள் சோதனையில், தாளில் எழுதிவைத்த ஒரு குறியெண்ணைக் கொண்டு நண்பர் இரண்டு நிமிடங்களில் நுழைந்துவிட்டார். அந்தத் தாள் விடுதி அறைப் பெட்டியில் இருந்தால் விடுதிக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டும். கைப்பேசி உறைக்குள்ளேயே செருகியிருந்தால் அதையும் திருடனிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று பொருள். சிரிக்க வேண்டாம், நண்பர் அதுவரை அங்கேதான் வைத்திருந்தார்.

ஆனால் வெறுங்கைக்காரருக்கென்றே செய்ததுபோன்ற ஒரு வசதியும் கூகுளிடம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதலான கருவிகளுக்கு 2024-இல் தரப்பட்ட தொலைப்பூட்டு, கடவுச்சொல்லையே கேட்பதில்லை. எந்தக் கருவியிலிருந்தும் ஆண்ட்ராய்டு தளத்தின் பூட்டும் பக்கத்துக்குப் போய், கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஒரு சிறு சரிபார்ப்பை முடித்தால் திரை பூட்டிக்கொள்கிறது. திறந்த திரையோடு கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் திருட்டுக்கு இதைவிட விரைவான மறுமொழி இல்லை. இருப்பிடத்தைக் காட்டாது, எதையும் அழிக்காது; பூட்டுவது ஒன்றையே செய்யும். அதனால்தான் அந்நியர் ஒருவர் உங்கள் எண்ணைப் போட்டு விளையாடினாலும் பெரிய கேடு வராது, திரைப்பூட்டைத் திறந்துகொண்டால் போதும். ஆயினும் அமைப்புகளில் முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும். கருவி இணையத்தோடும் இயங்கும் சிம்மோடும் இருக்க வேண்டும். இதன் உடன்பிறப்பான திருட்டுணர் பூட்டு, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவதைப் போன்ற அசைவைக் கருவியே உணர்ந்து தானாகப் பூட்டிக்கொள்வது. நண்பர் தம் கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடிப் பார்த்தார். மூன்று முறையில் ஒரு முறை பூட்டியது. அவர் ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள் கருவியைக் குறைசொல்ல மாட்டார்கள்.

இணையம் இல்லாதபோது தேடுவதில் ஆப்பிளுக்கு முன்னுரிமை தர வேண்டியிருக்கிறது. அருகே இருக்கும் பிறருடைய கருவிகளைக் கொண்டு தேடும் வலையமைப்பைக் கூகுள் 2024-இல்தான் தொடங்கியது. அதன் இயல்பு அமைப்பில், மக்கள் அதிகமாக நடமாடும் இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் கண்டால்தான் இருப்பிடம் தெரிவிக்கப்படும். தனியுரிமையைக் காப்பதற்காக எடுத்த முடிவு அது, பாராட்டத்தக்கதே. எல்லா இடங்களிலும் உதவும்படி மாற்றும் தெரிவும் அமைப்புகளில் இருக்கிறது.

திருடன் திரைப்பூட்டின் எண்ணைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவைத்துக்கொண்டு, பிறகு கைப்பேசியைத் தூக்குவது தனி வகை. அந்த ஆறு இலக்கத்தைக் கொண்டே ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, உரிமையாளரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-உடன் வந்த திருடப்பட்ட கருவிக்கான பாதுகாப்பு அதை அடைத்தது. இதை இயக்கியிருந்தால், வழக்கமான இடங்களை விட்டு விலகி இருக்கும்போது, சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்க முகமோ விரலோதான் வேண்டும், எண் செல்லாது. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற பெரிய செயல்களுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் முகத்தைக் காட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரம், கொல்லைக்கதவைத் தேடிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்காகவே கொடுத்த அவகாசம் என்று எடுத்துக்கொள்கிறேன். பயணி எப்போதும் வழக்கமான இடத்துக்கு வெளியேதான் இருக்கிறார் என்றாலும், எந்த இடத்திலும் இந்தப் பாதுகாப்பைக் கேட்கும் ‘எப்போதும்’ என்ற தெரிவை வைத்துக்கொள்வது ஐயத்துக்கு இடமில்லாதது. ஆண்ட்ராய்டில் இதற்கு இணையான அடையாளச் சரிபார்ப்பு வசதி 2025-இல் சில கருவிகளுக்கு வரத் தொடங்கியது.

இரண்டு சேவைகளின் மேலும் எனக்குள்ள பொதுவான விமரிசனம் ஒன்று உண்டு. பூட்டிய திரையிலிருந்தே விமானப் பயணப் பயன்முறையை இயக்கிவிட முடிகிற கருவிகள் பல. அப்படிச் செய்துவிட்டால் நாம் அனுப்பும் கட்டளை அந்தரத்தில் நிற்கும். ஐபோனில் பூட்டிய நிலையில் கட்டுப்பாட்டு மையம் திறக்காதபடி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். சாம்சங் கருவிகளிலும் திரையைத் திறக்காமல் வலையமைப்பை நிறுத்த முடியாதபடி செய்யும் அமைப்பு உண்டு. இவை ஏன் முதலிலிருந்தே இயக்கப்பட்ட நிலையில் வருவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்போது மிகக் குறைந்த மதிப்பெண் பெறும் சேவைக்கு வருகிறேன். என் கைப்பேசியில் ஊர் எண்ணுக்கான சிம் அட்டையும், பயணத்துக்கான தரவுக்கு ஓர் இ-சிம்மும் இருந்தன. கருவிக்குள்ளேயே பதிந்திருப்பதால் இ-சிம்மைப் பிடுங்க முடியாது. சிம் அட்டையை ஓர் ஊசி கொண்டு எடுத்து வேறொரு கைப்பேசியில் போட்டுவிடலாம். போட்டுவிட்டால் வங்கியின் ஓடிபி முதல் மின்னஞ்சலின் மீட்புக் குறியெண் வரை அனைத்தும் திருடனுக்கு வரும். எனவே எண்ணை உடனே முடக்க வேண்டும் என்று, பெயர் சொல்ல விரும்பாத என் தொலைபேசி நிறுவனத்தை அழைத்தேன். வெளிநாட்டிலிருந்து அழைக்கத் தனி எண். அதைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. நீண்ட இசைக்குப் பிறகு வந்த அலுவலர், பெயர், பிறந்த நாள் எல்லாம் கேட்டுவிட்டு, மிகுந்த பணிவோடு, “உங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய உங்கள் எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்புகிறேன் சார், அதைச் சொல்லுங்கள்” என்றார். திருடப்பட்டது அந்த எண்தான் என்று விளக்கினேன். “புரிகிறது சார், ஆனால் ஓடிபி இல்லாமல் முடக்க முடியாது சார்” என்றார். மூன்றாம் அழைப்பில் பேசிய வேறொருவர் சில கேள்விகளைக் கேட்டுவிட்டு ஐந்தே நிமிடங்களில் முடக்கினார் என்பதால், விதி அப்படி இல்லை, பயிற்சிதான் இல்லை என்று தெரிந்துகொண்டேன். மாற்று சிம் வாங்க நேரில் வர வேண்டும் என்றார்கள். அதாவது பயணம் முடியும் வரை ஓடிபி என்பதே எனக்கு இல்லை.

சிம் அட்டைக்கு எண் பூட்டு போட்டிருந்தால் இந்த அவசரமே வந்திருக்காது. வேறு கருவியில் போட்டதும் அட்டை தன் பூட்டு எண்ணைக் கேட்கும். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொண்டு, அதைத் திறப்பதற்கான பியுகே எண்ணைக் கேட்கும். அதைப் பத்து முறை தவறவிட்டால் அட்டை நிரந்தரமாகச் செத்துவிடும். கைப்பேசிகள் எளிய விசைப்பலகைகளோடு வந்த காலத்திலிருந்தே இருக்கும் இந்த வசதியை நம்மில் பெரும்பாலோர் மறந்துவிட்டோம். என்னுடைய மதிப்பீட்டில், மேலே சொன்ன நவீனப் பூட்டுகளுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று இது. ஒன்று மட்டும்: நிறுவனம் தரும் தொடக்க எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகே இயக்க வேண்டும், ஊகித்துப் பார்க்கக் கூடாது.

இந்த வகையில் பிரேசில் அரசு 2023 டிசம்பரில் தொடங்கிய ‘செலுலார் செகுரோ’ சேவை என் கவனத்தை ஈர்த்தது. நம்பிக்கையானவர் ஒருவரை முன்பே பதிவுசெய்துகொள்ளலாம். களவு போனதும் அவர் தம் கைப்பேசியிலிருந்து தெரிவித்தால், தகவல் வங்கிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. பறிகொடுத்தவர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டிய வேலையை அது ஒரே வாசலாக ஆக்கியிருக்கிறது.

வங்கியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; அட்டையின் பின்புறத்திலிருந்த எண்ணை அழைத்தேன், செயலி நிறுத்தப்பட்டது, அட்டை தொடர்ந்து இயங்கியது. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரண்டடுக்கு எண்ணை முன்பே வைத்திருந்ததால், அந்தப் பக்கம் கவலைப்படவில்லை.

ஒன்பதாம் நாள் நண்பரின் எண்ணுக்கு, தொலைந்த ஐபோன் கிடைத்துவிட்டது என்றும், இருப்பிடத்தைப் பார்க்க இணைப்பைத் தொடும்படியும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் என் கருவியின் மாதிரியும் நிறமும் சரியாக இருந்தன. நாங்கள் பூட்டிய திரையில் காட்டும்படி கொடுத்த எண் நண்பருடையது. கருவியோ அனுப்பியவரின் கையில் இருக்கிறது. பிறகு மாதிரியும் நிறமும் தெரியாமலா போகும்? இணைப்பைத் திறந்தால் ஐகிளவுட்டைப் போலவே அச்சடித்த ஒரு பக்கம் வந்து கடவுச்சொல்லைக் கேட்கும். இயக்கப் பூட்டை உடைக்க வழியில்லாதபோது, சாவியை உரிமையாளரிடமே கேட்டு வாங்கும் தந்திரம் இது. பூட்டு நன்றாக வேலைசெய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் கிடைக்காது என்றாலும், செய்தி வந்த அந்த நொடியில் என் மனம் ஒரு கணம் நம்பியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. திரையில் காட்டுவதற்கு, புதிதாக உருவாக்கிய மின்னஞ்சல் ஒன்றைக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

காப்பீடு என் எதிர்பார்ப்பைவிட நன்றாக நடந்தது. அந்த நிறுவனம் கேட்டவை நான்கு: திருட்டு நடந்த 24 மணி நேரத்துக்குள் அந்நாட்டுக் காவல் நிலையத்தில் பெற்ற புகார்ச் சான்று, வாங்கிய ரசீது, எண்ணை முடக்கியதற்கான உறுதிச்சீட்டு, கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ. கடைசியில் கேட்ட அந்தப் பதினைந்து இலக்கத்தில்தான் தடுமாறினேன். கைப்பேசி கையில் இருக்கும்போது *#06# என்று தட்டினால் வந்துவிடும். இல்லாதபோது அது வாங்கிய பெட்டியின் மேல் இருக்கிறது, பெட்டியோ வீட்டுப் பரணில். இரண்டு சிம் கருவிகளுக்கு இரண்டு எண்கள் உண்டு என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஃபைண்ட் ஹப்பில் கருவியின் பெயருக்கு அருகிலேயே இந்த எண்ணைக் காட்டுகிறார்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. இந்த எண்ணைக் கொண்டு வலையமைப்புகளில் கருவியைத் தடைசெய்யவும் முடியும். ஆனால் தடைப்பட்டியலைப் பகிர்ந்துகொள்ளாத நாட்டுக்குக் கடத்திவிட்டால் அங்கே அது வழக்கம்போல இயங்கும்.

காப்பீட்டில் நாமே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை போக எஞ்சியது ஏழு வாரங்களில் கணக்கில் சேர்ந்தது. கருவியை ஆப்பிள் கணக்கின் பட்டியலிலிருந்து நீக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. நானும் இன்றுவரை நீக்கவில்லை. வரைபடத்தில் புள்ளி மறைந்து வெகுநாளாகிறது, இருப்பிடம் இல்லை என்ற வரி மட்டும் பெயருக்குக் கீழே நிற்கிறது. நீக்கினால் இயக்கப் பூட்டும் அதோடு விடுபட்டு, யார் கையிலோ கிடக்கும் அந்தக் கண்ணாடித் துண்டு அந்த நொடியே விற்பனைக்கு ஏற்ற கைப்பேசியாகிவிடும்.